தளம் போடுற அன்னிக்கு கூடுதலா ஊத்துற ஒரு டப்பா தண்ணி: வீடு கட்டுறவங்க கேள்வி பதில்

இந்தத் தடவை வந்த கேள்வியில பாதிக்கு மேல காங்கிரீட் போடுறதைப் பத்தியே இருந்துச்சு. அதனால மரவேலை, பெயின்ட் கேள்வியெல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளி வச்சிட்டு இதையே எடுத்துக்கிட்டேன். பேர் போடல, ஊர் மட்டும் போட்டிருக்கேன்.

தாம்பரம்: சார், 800 சதுர அடி வீடு, அடுத்த வாரம் ரூஃப் காங்கிரீட். பிளிந்த் பீம் போடும்போதே கவனிச்சேன், மிக்ஸர் ஆபரேட்டர் ஹோஸை வச்சு கணக்கே இல்லாம தண்ணி விடுறாரு. மேஸ்திரிகிட்ட கேட்டா "தண்ணி இல்லாட்டி கலவை ஓடாது சார், ஆளுங்க தள்ளமுடியாது"ன்னு சொல்றாரு. எம்20ங்கிற பலத் தரத்துல போடுற காங்கிரீட்டுக்கு எவ்வளவு தண்ணிதான் விடணும்?

உங்க மேஸ்திரி சொல்றது பொய் இல்லைங்க. தண்ணி கூட விட்டா கலவை சுலபமா ஓடும், கம்பிக்கு நடுவுல தானா இறங்கும், ஆளுங்களுக்கு இடுப்பு ஒடியாது, சாயங்காலத்துக்குள்ள வேலையும் முடிஞ்சிடும். ஆனா அந்த சௌகரியம் எல்லாம் அன்னிக்கு ஒருநாளைக்கு, அதுக்கான விலையை நீங்க 40 வருஷம் குடுக்கணும். சிமெண்ட் இறுகுறதுக்கு வேதி வினையில செலவாகுற தண்ணி சிமெண்ட் எடையில கால்வாசி போலத்தான், அதாவது 50 கிலோ மூட்டைக்கு 12 லிட்டர் சொச்சம். மீதி விடுறதெல்லாம் கலவை வேலை செய்ய தோதா இருக்கணுங்கிறதுக்காக. அந்த மீதி தண்ணி பின்னாடி காத்துல போயிடும், போன இடமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத ஓட்டையா நிக்கும், அந்த ஓட்டை வழியாதான் மழைத்தண்ணி உள்ள இறங்கி கம்பியைத் தொடுது.

கணக்கு இதுதான். ஐ.எஸ். 456ன்னு நம்ம நாட்டு காங்கிரீட் தரக்கோடு இருக்கு, அதுல சைட்ல கலக்குற எம்20க்கு ஒரு மூட்டைக்கு அதிகபட்சம் 30 லிட்டர் தண்ணின்னு போட்டிருக்கு. உங்க சைட்ல கண்டிப்பா 20 லிட்டர் பெயின்ட் டப்பா கிடக்கும், அதுல ஒண்ணரை டப்பா, அவ்வளவுதான், அதுக்கு மேல ஒரு சொம்பு கூட கிடையாது. இன்னொண்ணு, அந்த 30 லிட்டர்லயே மணல்ல இருக்குற ஈரமும் சேர்த்தி. ஒரு மூட்டைக்கு 80 கிலோ எம் சாண்ட் போடுறோம்னு வைங்க, அது லேசா நனைஞ்சு 5 சதவீதம் ஈரமா இருந்தா அதுக்குள்ளயே 4 லிட்டர் தண்ணி ஒளிஞ்சிருக்கு. முந்தின நாள் ராத்திரி மழை பெஞ்சிருந்தா இன்னும் கூட இருக்கும். அதனால மணலைத் தார்ப்பாய் போட்டு மூடி வைங்க.

ஹோஸை மிக்ஸர்கிட்ட கொண்டு வரவே விடாதீங்க, நான் சைட்ல முதல்ல பண்றது அதுதான். ஒரு டிரம்மும் ரெண்டு டப்பாவும் வச்சிட்டா யாருக்கும் வாக்குவாதமே வராது. ஆளுங்க தள்ளமுடியலன்னு சொன்னா அவங்க கஷ்டமும் நிஜம்தான், அதுக்கு வழி தண்ணி இல்ல, பிளாஸ்டிசைசர். கடையில கேன்ல கிடைக்கும், கேன்ல எழுதியிருக்குற அளவுக்கு மேல போகாம தண்ணியிலயே கலந்து ஊத்தினா அதே தண்ணியில கலவை நல்லா இளகி வரும். சந்தேகம் இருந்தா ஸ்லம்ப் கோன் ஒண்ணு கொண்டுவரச் சொல்லுங்க, 30 சென்டிமீட்டர் உசரத்துல தகரத்துல இருக்கும், கலவையை அதுல நிரப்பி கோனைத் தூக்கினா 10 சென்டிமீட்டருக்கு மேல உக்காரக்கூடாது. பாயசம் மாதிரி பரவிடுச்சுன்னா அந்த லோடு வேண்டாம்னு சொல்லுங்க, அதைச் சொல்ற உரிமை உங்களுக்கு இருக்கு.

இன்னொரு கணக்கும் போட்டு வச்சிக்கோங்க. 800 சதுர அடி, 5 இஞ்ச் கனம்னா தளத்துக்கு மட்டும் 333 கன அடி, அதாவது ஒன்பதரை கன மீட்டர் கிட்ட, பீமோட சேர்த்தா 11, 12 வரும். எம்20க்கு கன மீட்டருக்கு 8 மூட்டை போல, அப்போ 90 மூட்டைக்கு மேல. தடவைக்கு ஒரு மூட்டைன்னா மிக்ஸர் 90 தடவை சுத்தணும், தடவைக்கு 4 நிமிஷம் வச்சாலே 6 மணி நேரம் ஆச்சு. காலைல 6 மணிக்கு ஆரம்பிக்கலன்னா சாயங்காலம் அவசரம் வரும், அவசரம் வந்தா ஹோஸ் திரும்ப வரும்.

மதுரை: பில்லருக்குப் பலகை பிரிச்சதும் அடியில ஒரு அடி உசரத்துக்கு வெறும் ஜல்லியா தெரியுது. கொத்தனார் "பூசினா சரியாயிடும்"னு சொல்றாரு. விட்டுடலாமா?

விடாதீங்க, பூசவும் விடாதீங்க. நான் வேலைக்கு வந்த புதுசுல இதே மாதிரி ஒரு வீட்டுல பார்த்தேன், மூலை பில்லர், கிட்டப் போய் ஒரு 8 எம்எம் கம்பித் துண்டை அந்த ஜல்லி இடுக்குல சும்மா குத்திப் பார்த்தேன், ஒரு சாண் உள்ள போச்சு. நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கிச்சு, ஏன்னா மேல பீம் கம்பி கட்ட ஆரம்பிச்சாச்சு. வீட்டுக்காரம்மாகிட்ட சொன்னப்போ அவங்க முதல்ல கேட்டது "அப்போ மத்த பில்லர்ல எல்லாம் என்ன பண்ணியிருப்பாங்க?"ங்கிறதுதான். அது சரியான கேள்வி, ஏன்னா ஏற்கனவே ரெண்டு பில்லரை பூசி மறைச்சிருந்தாங்க, சுத்தியலால தட்டினா சத்தம் வேற மாதிரி கேட்டுச்சு.

இதை நாங்க தேன்கூடுன்னு சொல்லுவோம். பலகை இடுக்குல சிமெண்ட் பால் ஒழுகினாலும் வரும், 10 அடி உசரத்துலேருந்து கலவையைக் கொட்டி ஜல்லி தனியா மணல் தனியா பிரிஞ்சாலும் வரும், ஆனா பெரும்பாலும் கலவையை அதிர வச்சு இறுக்குற வைப்ரேட்டரை அடிவரைக்கும் இறக்காததாலதான் வருது. உங்களுக்கு இப்போ ஆக வேண்டியது என்னன்னா, டிசைன் பண்ணின இன்ஜினியரை நேர்ல கூப்பிட்டு காட்டுங்க, அவர் பார்க்காம மேல ஒரு சட்டி காங்கிரீட் கூட ஏறக்கூடாது. ஆழம் கவர் அளவுக்குள்ளதான்னா, அதாவது கம்பிக்கு வெளிய மூடியிருக்குற காங்கிரீட் கனத்துக்குள்ளன்னா, லூசா இருக்குறதையெல்லாம் கொத்தி எடுத்து, தண்ணியடிச்சு சுத்தம் பண்ணி, சுருங்காத கிரவுட்டோ மைக்ரோ காங்கிரீட்டோ போட்டு பலகை கட்டி அடைக்கலாம். கம்பிக்குப் பின்னாடி வரைக்கும் போயிருந்தா முட்டு குடுத்து பெரிய ரிப்பேரா பண்ணணும், சில சமயம் உடைச்சிட்டு திரும்பப் போடுறதே மலிவு. அடுத்த பில்லர்லேருந்து 5 அடிக்கு மேல உசரத்துலேருந்து கொட்டவிடாதீங்க, ரெண்டடி ரெண்டடியா போட்டு ஒவ்வொரு அடுக்குக்கும் வைப்ரேட்டரை நேரா இறக்கி, குமிழி நின்னதும் மெதுவா எடுக்கச் சொல்லுங்க. சைட்ல ரெண்டு வைப்ரேட்டர் இருக்கட்டும், ஒண்ணு எப்பவும் நடுவுல நின்னுபோகும்.

உடுமலைப்பேட்டை: ஆடி மாசம் ரூஃப் போட்டோம். காலைல நல்லா முடிஞ்சது, மத்தியானம் சாப்பிட்டு வந்து பார்த்தா மேல கோடு கோடா விரிசல், சிலது முழங்கை நீளம். தளம் போச்சா?

போகலைங்க, பயப்படாதீங்க. உங்க ஊர் ஆடிக்காத்துதான் காரணம். பாலக்காட்டுக் கணவாய் வழியா வர்ற காத்து தளத்து மேல இருக்குற ஈரத்தை அப்படியே உறிஞ்சிட்டுப் போயிடும், கீழேருந்து தண்ணி ஊறி மேல வர்ற வேகத்தைவிட மேல காயுற வேகம் அதிகமாயிடும், அப்போ இறுகாத காங்கிரீட்டோட தோல் சுருங்கி கிழியும். கத்திரி வெயில்லயும் இதேதான் நடக்கும், ஆனா நிறைய பேருக்கு வெயில் தெரியுது, காத்து தெரியமாட்டேங்குது, மேகமூட்டமா குளுகுளுன்னு இருக்கேன்னு நம்பி ஏமாந்துடுறாங்க.

அந்த மத்தியானமே, காங்கிரீட் இன்னும் இளசா இருக்கும்போது யாராவது பார்த்திருந்தா மரக்கட்டையால தட்டி மட்டப்பலகையில திரும்பத் தேய்ச்சாலே மூடியிருக்கும். போட்டு முடிச்ச ரெண்டு மூணு மணி நேரம் ஒருத்தர் மேல இருந்தே ஆகணும்னு நான் சொல்றது இதுக்குத்தான், ஆனா எல்லா சைட்லயும் அந்த நேரத்துலதான் எல்லாரும் பிரியாணி சாப்பிடக் கீழ இறங்குறாங்க. முடிச்ச பகுதியை உடனுக்குடனே பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடி ஓரத்துல செங்கல் வச்சிட்டா காத்து ஒண்ணும் பண்ணாது.

இப்போ என்ன பண்றதுன்னா, பாத்தி கட்டி தண்ணி நிறுத்தியிருப்பீங்க இல்லையா, கீழ சென்ட்ரிங் பிரிச்சதும் அடியில ஈரக்கோடு தெரியுதான்னு பாருங்க. தெரியலன்னா விரிசல் மேலோட போச்சு, காய்ஞ்ச பிறகு பாலிமர் கலந்த கலவையால அடைச்சிட்டு மேல தட்டோடு பதிச்சிடலாம். ஈரம் கீழ தெரிஞ்சா விரிசல் முழு கனத்துக்கும் இறங்கியிருக்கு, அதுக்கு எபாக்ஸி ஊசி போடுறவங்களை வரவழைங்க. வெறும் சிமெண்ட் பாலை மேல ஊத்துறதுல பிரயோஜனம் இல்ல. ஒண்ணு மட்டும் தனியா கவனிங்க, முட்டு எடுத்த பிறகு அடிப்பக்கம் நடுவுல புதுசா விரிசல் வந்தா அது இந்த வகை இல்ல, உடனே இன்ஜினியர்.

ஈ.சி.ஆர். ஓரம்: போர் தண்ணி உப்பு கரிக்குது. கலவைக்கு லாரி தண்ணி வாங்குறோம். போட்ட பிறகு ஈரமா வைக்கிற கியூரிங்குக்கு மட்டும் போர் தண்ணி பரவால்லையா?

பரவால்ல இல்லைங்க. கலவையில போற உப்பும் மேலேருந்து 10 நாள் ஊறி இறங்குற உப்பும் கம்பிக்கு ஒண்ணுதான். கம்பி போடுற காங்கிரீட்டுக்கு தண்ணியில குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல போகக்கூடாது, ஒரு பாட்டில்ல பிடிச்சு லேப்ல குடுத்தா தெரிஞ்சிடும். கம்பி துருப்பிடிச்சா ஊதும், ஊதினா காங்கிரீட்டைத் தள்ளிவிடும், கடலோரத்துல பழைய வீட்டு பால்கனியில அடிப்பக்கம் பெயர்ந்து சிவப்பா கம்பி தொங்குறதை பார்த்திருப்பீங்களே அதுதான். இன்னொண்ணு கேட்காமலே சொல்றேன், கடல்காத்து நேரா அடிக்கிற இடத்துக்கு தரக்கோடு எம்30 கேட்குது, கவரும் 45 எம்எம் கேட்குது, அதை சைட்ல சட்டிக் கணக்குல கலந்து எடுக்கமுடியாது, பிளான்ட்லயே கலந்து லாரியில வர்ற ரெடிமிக்ஸ்தான் உங்களுக்கு.

சேலம்: ரெடிமிக்ஸ் வாங்கினா தரத்தைப் பத்திக் கவலைப்பட வேண்டாம்னு சொல்றாங்களே, நிஜமா?

பாதி நிஜம். பிளான்ட்ல எடை போட்டு கலக்குறாங்க, அதுல சந்தேகம் இல்ல. ஆனா லோடு ஏத்தின நேரத்துலேருந்து 2 மணி நேரத்துக்குள்ள இறக்கிடணும், அதனால டிரைவர் குடுக்குற சிலிப்புல கிரேடையும் லோடு ஏத்தின நேரத்தையும் முதல்ல பாருங்க. தெரு குறுகல்னா பம்ப் எங்க நிக்கும், பைப் எந்த வழியா போகும்னு முந்தின நாளே ஆளை வரவழைச்சு காட்டிடுங்க, லாரி வந்து நின்ன பிறகு பக்கத்து வீட்டுக்காரரோட காரை எடுக்கச் சொல்லி நிக்கிறதுலயே முக்கால் மணி நேரம் போயிடும். அப்புறம், வந்து சேர்ந்த கலவை கெட்டியா இருக்குன்னு டிரம்முக்குள்ள தண்ணி விடுவாங்க பாருங்க, அந்த ஒரு நிமிஷத்துல பிளான்ட்ல பார்த்து பார்த்து பண்ணினதெல்லாம் போச்சு. கெட்டியா இருந்தா பிளான்ட்டுக்கு போன் போடச்சொல்லுங்க, அவங்க பிளாஸ்டிசைசர் மாதிரி அட்மிக்சர் குடுத்து சரி பண்ணணும். உங்க கண் முன்னாடியே 15 சென்டிமீட்டர் கியூப் ஆறு எடுத்து வைங்க, மூணு 7 நாளைக்கு, மூணு 28 நாளைக்கு, பலம் பார்க்க நீங்களே ஒரு லேப்ல குடுங்க.

தஞ்சாவூர்: சன்ஷேட் போட்ட ஒரு மாசத்துல சுவர் ஓரமா மேல விரிசல். ஆள் நின்னா லேசா ஆடுது. கம்பி எல்லாம் பிளான்படிதான் போட்டாங்க.

மொதல்ல அது மேல யாரும் நிக்காதீங்க, கீழயும் பிள்ளைங்களை விளையாட விடாதீங்க, முட்டு குடுங்க. கம்பி பிளான்படி கட்டியிருப்பாங்க, ஆனா காங்கிரீட் போடும்போது எங்க இருந்துச்சுங்கிறதுதான் விஷயம். ரூமுக்கு மேல வர்ற தளத்துல நடுவுல கம்பி அடிப்பக்கம் வேலை செய்யும், சன்ஷேடும் பால்கனியும் வெளிய நீட்டி நிக்கிறதால அங்க மேல் பக்கம்தான் இழுவை, மெயின் கம்பி மேலதான் இருக்கணும். மூணு இஞ்ச் கனத்துல ஒருத்தர் கால் வச்சு மிதிச்சா போதும், கம்பி ஒண்ணரை இஞ்ச் கீழ போயிடும், வெளிய பார்த்தா ஒண்ணுமே தெரியாது. இதுல எனக்கு உண்மையிலயே கோவம் வரும், ஏன்னா மேல் கம்பியைத் தாங்கிப் பிடிக்க நாற்காலி மாதிரி வளைச்ச ரெண்டு சேர் கம்பியும் நடக்க ஒரு பலகையும் வச்சிருந்தா இது நடந்திருக்காது. இன்ஜினியர் பார்த்துட்டு உடைச்சு திரும்பப் போடச் சொன்னா தயங்காதீங்க.

நாகர்கோவில்: ஐப்பசியில ரூஃப் போட தேதி குறிச்சிருக்கோம். பாதியில மழை வந்தா?

தூறல்னா நிறுத்த வேண்டாம், மிக்ஸர்ல தண்ணியைக் குறைச்சிட்டு போட்ட இடத்தை மூடிட்டே போங்க. கொட்டுற மழைன்னா நிறுத்தித்தான் ஆகணும், ஆனா எங்க நிறுத்துறோம்னு ஒண்ணு இருக்கு. பீமுக்கும் சுவருக்கும் பக்கத்துல விடக்கூடாது, ஸ்பேனை, அதாவது ஒரு தாங்கலுக்கும் அடுத்த தாங்கலுக்கும் நடுவுல இருக்குற தூரத்தை, மூணா பிரிச்சா நடுப்பங்குக்குள்ள பலகை வச்சு நேரா வெட்டின மாதிரி நிறுத்தணும், சரிவா விடக்கூடாது. மறுநாள் அந்த முகத்தை கொத்தி, சிமெண்ட் பாலைச் சுரண்டி, நனைச்சு, சிமெண்ட் குழம்பு பூசிட்டு தொடரலாம். மழை நின்ன பிறகு மேல மணலும் ஜல்லியும் தனியா தெரிஞ்சா அந்த மேல்தோலை எடுத்துடுங்க, அது மேலயே வெறும் சிமெண்டைத் தூவி தேய்ச்சு மறைப்பாங்க, அது உரிஞ்சு வரும். தார்ப்பாய் தளத்தோட முழு அளவுக்கு முந்தின நாளே மேல இருக்கட்டும்.

விருதுநகர்: ரூஃப் போட்டு 7 நாள் ஆச்சு, சென்ட்ரிங்காரர் ஷீட்டும் முட்டும் வேற சைட்டுக்கு வேணும்னு கேக்குறாரு.

ஸ்பேன் 15 அடிக்குள்ளன்னா தரக்கோடு 7 நாள் சொல்லுது, அதைவிடப் பெருசுன்னா 14. பீமுக்கு அடியில இருக்குற முட்டு, 20 அடி வரைக்கும் 14 நாள், அதுக்கு மேல 21. ஆனா இது ஓபிசின்னு சொல்ற சாதாரண சிமெண்டுக்கு சொன்னது, நீங்க வாங்கினது சாம்பல் கலந்த பிபிசியா இருந்தா அது மெதுவாத்தான் பலம் ஏறும், இன்னும் சில நாள் வைங்க. வாடகை கூட கேட்டா குடுத்துடுங்க.

ஷார்ஜாவுலேருந்து: காரைக்குடி பக்கம் வீடு கட்டுறோம். எனக்கு லீவு கிடைக்கல, அம்மா மட்டும்தான் சைட்ல இருப்பாங்க. அவங்களுக்கு இதெல்லாம் தெரியாது. அவங்க என்ன பார்த்துக்கிட்டா போதும்?

தம்பி, அம்மாவுக்கு எவ்வளவு தெரியும்னு குறைச்சு நினைக்காதீங்க. மாவு தண்ணியா போச்சா கெட்டியா இருக்கான்னு வீட்டுல அவங்களைவிட யாருக்குத் தெரியும், கலவையும் அதே கண்ணுதான். அவங்களை காலைலயே மிக்ஸர் பக்கத்துல நிழல்ல ஒரு நாற்காலி போட்டு உக்காரச்சொல்லுங்க. மூட்டைக்கு ஒண்ணரை டப்பா தண்ணிதான் உச்சம், மணல் ஈரமா இருந்தா அதுலயும் குறைச்சு, அதை எண்ணட்டும். காலி மூட்டையை யாரையும் எடுத்துட்டுப் போக விடாம ஒரு மூலையில அடுக்கச் சொல்லட்டும், சாயங்காலம் எண்ணி உங்களுக்குச் சொன்னா நீங்க கன மீட்டருக்கு 8ன்னு கணக்கு போட்டுப் பார்த்துக்கலாம், 10, 15 மூட்டை குறைஞ்சா கேட்டே ஆகணும். மூட்டை மேல தயாரிச்ச வாரமும் வருஷமும் அச்சடிச்சிருக்கும், மூணு மாசத்துக்கு மேல பழசா இருந்தா இறக்கவே வேண்டாம். காங்கிரீட்டுக்கு முந்தின நாள் சாயங்காலம் தளத்து மேல வீடியோ கால் பண்ணச் சொல்லி கம்பிக்கு அடியில கவர் பிளாக் இருக்கான்னு பாருங்க, ஜல்லியை அடை குடுத்திருந்தா மாத்தச் சொல்லுங்க. அன்னிக்கு ஒருநாள் உங்க இன்ஜினியர் சைட்ல இருக்கணும்னு இப்பவே பேசி வைங்க. மேஸ்திரிகிட்டயும் நீங்களே போன்ல பேசி "அம்மா கேட்டா பதில் சொல்லுங்கண்ணே"ன்னு மரியாதையா ஒரு வார்த்தை சொல்லிடுங்க, இல்லன்னா வயசானவங்க கேக்குறதை யாரும் காதுல வாங்கமாட்டாங்க.

அதுக்குப் பிறகு வர்ற ரெண்டு வாரம்தான் அம்மாவோட பெரிய வேலை. போடும்போது தண்ணியைக் குறைக்கணும்னு இவ்வளவு சொன்னேன், போட்டு முடிச்சு இறுகினதும் அதே தண்ணியை கஞ்சத்தனம் இல்லாம குடுக்கணும். மறுநாளே பாத்தி கட்டி ரெண்டு இஞ்ச் தண்ணி நிக்கணும், ஓபிசின்னா குறைஞ்சது 7 நாள், பிபிசின்னா 10 நாள், உங்க ஊர் வெயிலுக்கு 14 நாளே வைங்க. காலைல நனைச்சு மத்தியானம் காய்ஞ்சு சாயங்காலம் நனைச்சா அது கியூரிங் இல்ல. பில்லருக்கு சணல் சாக்கு சுத்தி அது ஈரமாவே இருக்கணும், அம்மா தொட்டுப் பார்த்தா போதும்.

திருச்சி: பாத்தியில தண்ணி நிக்கிறதைப் பார்த்துட்டு, கொசு வருதுன்னு பக்கத்து வீட்டுல சண்டைக்கு வர்றாங்க.

அவங்க பயம் நியாயம்தாங்க, டெங்கு கொசு நல்ல தண்ணியிலதான் முட்டை வைக்கும், முட்டை கொசுவா ஆக ஒரு வாரம் போல போதும். வாரத்துக்கு ரெண்டு தடவை பாத்தித் தண்ணியை துடைப்பத்தால தள்ளி வெளியேத்திட்டு அப்பவே புதுசா நிரப்புங்க, தளம் காயவும் காயாது. கூடவே கீழ இருக்குற டிரம், டப்பா, பாதி வெட்டின கேன் எல்லாத்தையும் கவுத்து வைங்க, நான் பார்த்த சைட்டுல எல்லாம் புழு அதுலதான் நெளிஞ்சது.